அண்ணி கோடு போடாமல் விட்ட செல்கள்

என் அண்ணி ஒரு நாளைக்கு நானூறு செல்களுக்கு எல்லை போடுவார். மைக்ராஸ்கோப் எடுத்த படம் திரையில் நிற்கும். கையில் மை இல்லாத ஒரு பேனா. அதை வைத்துக்கொண்டு திரையின் மேலேயே ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். இதற்கெல்லாமா ஆள் வைப்பார்கள் என்று கேட்டவர்களில் முதல் ஆள் அவர் நாத்தனாரான நான்தான். என் வாய் அப்படி. மனசு யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும். அதனால் நான் பட்டது கொஞ்சம், மற்றவர்கள் பட்டது நிறைய. இதில் பட்டவர் அண்ணி.

இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நான் இரண்டாம் மாடியில் செல் வளர்க்கிறேன். தோலிலிருந்து எடுத்த செல்களை வட்டமான பிளாஸ்டிக் தட்டில் போட்டு, மேலே இளஞ்சிவப்பாக ஓர் ஊட்டத் திரவம் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் வைப்பேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையா, எனக்குக் காய்ச்சலா, வீட்டில் விருந்தாளியா, செல்லுக்கு அதெல்லாம் தெரியாது. பெற்ற பிள்ளையாவது ஒரு நாள் பசிக்கவில்லை என்று சொல்லும். பதினேழு வருடமாக இதைச் செய்கிறேன். இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

அண்ணி இங்கே வருவதற்கு முன் நில அளவை அலுவலகத்தில் இருந்தார். பழைய வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மனைகளின் எல்லைகளைப் பிரதி எடுக்கும் வேலை. வானத்திலிருந்தே படம் எடுக்க ஆரம்பித்ததும் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அண்ணன் குடும்பம் மாடியில். படத்தில் செல்களுக்குக் கோடு போட எங்கள் நிலையத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணிக்கு விண்ணப்பம் வாங்கிட்டு வாயேன்."

"அண்ணிக்கு வேகம் பத்தாதுண்ணா. ஒரு வெங்காயம் நறுக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கறவங்க."

"நீ வாங்கிட்டு வா. மத்ததை அவ பார்த்துப்பா."

அண்ணி கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும்.

வேலை கிடைத்தது. பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். அவர் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக வட்டம் போடச் சொல்லிக் கொடுத்தார். அண்ணி மூன்றாம் நாளே அதை மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டால், "ரெண்டு பேரு மனைக்கு நடுவுல கோடு ஒண்ணுதான். இவருக்கொண்ணு அவருக்கொண்ணுன்னு போட்டா நடுவுல யாருக்குமே இல்லாத ஒரு நூல் இடம் முளைக்கும். அதுக்கு இருபது வருஷம் கேஸ் நடக்கும்" என்றார். அன்றிலிருந்து நிலையத்தில் அவர் பெயர் 'சர்வேயரம்மா'. அவர் போட்ட கோடுகளைப் பார்த்துவிட்டு மாடல் சார் தலைகால் தெரியாமல் குதித்தார்.

மாடல் சார் என்றதும் விளம்பரத்தில் வருகிறவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் ஒல்லி, சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் மாறிப் போட்டிருக்கும். கணினிக்குள்ளே பொய்த் தோல் ஒன்றைச் செய்து வைத்திருப்பவர். அதைத்தான் மாடல் என்போம். அதில் ஒவ்வொரு செல்லும் பல மூலைகளுள்ள ஒரு சின்னக் கட்டம். ஒவ்வொன்றுக்கும் நாலே நாலு விதி: பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொள், நெருக்கினால் தள்ளு, காலியிடம் தெரிந்தால் அந்தப் பக்கம் ஊர்ந்து போ, வளர்ந்துவிட்டால் இரண்டாகப் பிரி. மேலேயிருந்து யாரும் உத்தரவு போடுவதில்லை. ஆயிரக்கணக்கான கட்டங்கள் தன் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்து இந்த நாலு விதிப்படி நடக்க, நடுவில் இருக்கும் காயம் தானாக மூடும். முதல்முறை பார்த்தபோது எனக்கே வாய் அடைத்துவிட்டது.

ஆனால் எவ்வளவு பலமாக ஊர வேண்டும், எப்போதெல்லாம் பிரிய வேண்டும் என்ற அளவுகளை மாடல் சார் தன் தலையிலிருந்து எடுக்க முடியாது. நிஜச் செல்களைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். என் தட்டில் ஒரு கீறல் போடுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு படம். அந்தப் படங்களில் அண்ணி எல்லை போடுவார். அந்த எல்லைகள் எண்களாக மாறி மாடல் சாரிடம் போகும். அவர் எண்களைப் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார். நான் தட்டைப் பார்ப்பேன், எண்களைப் பார்க்க மாட்டேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

எதற்காக இவ்வளவு பாடு என்றால், தீக்காய வார்டுக்காக. உடம்பில் பெரிய பகுதி வெந்துபோனவருக்கு ஒட்டுவதற்கு நல்ல தோல் கொஞ்சம்தான் மிஞ்சும். அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, காயத்தின் மேல் இடைவெளி விட்டு வைப்பார்கள். இடைவெளியைச் செல்களே ஊர்ந்து மூட வேண்டும். எவ்வளவு இடைவெளி விடலாம்? இதைச் சொல்லத்தான் எங்கள் மாடல். ஆறு மில்லிமீட்டர் விடலாம், பத்து நாளில் மூடிவிடும் என்று அது சொன்னது. வார்டு டாக்டர்கள் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு முன் ஒரு பெரிய தட்டில் நிஜமாகச் செய்து பார்த்துவிடலாம் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பத்தாம் நாள், நடுவில் ஓட்டை. மறுபடியும் ஆரம்பித்தேன். மறுபடியும் ஓட்டை.

எங்கள் தலைவரை எல்லோரும் பெரிய மேடம் என்போம். கூட்டம் கூட்டினார். மாடல் சார் வளைகோடுகளைக் காட்டினார். எல்லாம் பொருந்துகிறது, தட்டு மட்டும்தான் பொருந்தவில்லை என்றார். பெரிய மேடம் என் பக்கம் திரும்பினார்.

"செல்லுக்கு வயசாயிடுச்சோ? ஊட்டம் தவறிப்போச்சா? உங்க ஒப்பந்தம் மாசக் கடைசியில முடியுது, இல்லையா? அதுக்கு முன்னாடி நாம உட்கார்ந்து பேசணும்."

அப்படியே தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. என் செல்லுக்கு ஊட்டம் தவறியதா? கோபம் மூக்குக்கு மேல் வந்தது, அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

"எல்லாரும் என் தட்டையே ஏன் பார்க்கறீங்க?" என்றேன். "கோடு போடறவங்க தப்பாப் போட்டிருந்தா?"

அறையில் கோடு போடுகிறவர் ஒரே ஒருவர்தான். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அவரை நிரந்தரம் ஆக்கும் உத்தரவு பெரிய மேடத்தின் மேசையில் கையெழுத்துக்கு இருந்தது. அது எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. என் தலை தப்ப வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் மனைவியாயிற்றே என்றுகூட அந்த நிமிடம் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் வீட்டுக்குப் போனோம். அண்ணி சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்கும் இரண்டு வார்த்தை பேச இடம் கிடைத்திருக்கும். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணனிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது, மறுநாள் அண்ணன் வழக்கம்போல என்னைக் கிண்டல் செய்தபோது தெரிந்தது.

மூன்றாம் நாள் மதியம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது அண்ணி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பழைய திரவத்தை எடுக்கறே இல்ல, அதுல செத்த செல் எவ்வளவு மிதக்கும்?"

"என் தட்டுலயா? அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கும். கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும்."

"ஒரு தட்டுக்கு ஒரு இருநூறு இருக்குமா?"

"இருநூறா! அப்ப நானும் ஊட்டம் போடாம சாகடிச்சுட்டேன்னுதான் நீங்களும் சொல்ல வர்றீங்களா?"

"இல்லம்மா. கேட்டேன், அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விட்டார். கை கழுவும்போதுகூட நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் என் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். மைக்ராஸ்கோப்பில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு படம் என்பதை மாற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைக்கச் சொன்னார். ஒரு முழு நாள். மறுநாள் மாலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். படங்களை வரிசையாக ஓடவிட்டார். தட்டையாகப் படுத்திருந்த ஒரு செல் கைகால்களை இழுத்துக்கொண்டு உருண்டையானது. பளபளவென்று மின்னியது. அங்கே நிறுத்தினார்.

"இது என்ன?"

"பிரியப்போற செல். அதுக்கு முன்னாடி உருண்டையாகும். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

ஓடவிட்டார். உருண்டை இரண்டானது. இரண்டும் மெதுவாகத் தட்டையாகிப் படுத்துக்கொண்டன. அண்ணி தன் பழைய கோட்டுப் படங்களில் ஒன்றைத் திறந்தார். உருண்டை இருந்த இடத்தில் எல்லையே இல்லை. சுற்றியிருந்த செல்களின் கோடுகளை இழுத்து அந்த இடத்தை மூடியிருந்தார். அடுத்த படம், அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"எனக்குப் பயிற்சி கொடுத்தவரு, உருண்டையா மின்னுறது செத்த செல், விட்டுடுங்கன்னாரு. நானும் விட்டுட்டேன். ஒரு தட்டுக்கு இருநூறு. நீ மிதக்கவே இல்லைங்கறே. செத்திருந்தா பிணம் எங்க போச்சு? இந்த ஒரு நாள் படத்துல நூறு உருண்டையை எண்ணிப் பார்த்தேன். தொண்ணூத்தொண்ணு பிரிஞ்சிருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாடலுக்குப் போன எண்களில், பிரிகிற செல்லே கண்ணில் படவில்லை. ஆனால் கீறல் மட்டும் மூடிக்கொண்டே வந்தது. ஆகவே செல்கள் பலமாக ஊர்கின்றன, இழுத்த இழுப்புக்கு நீள்கின்றன என்று மாடல் கணக்குப் போட்டுக்கொண்டது. சின்னக் கீறலுக்கு அது சரியாக வந்தது. ஆறு மில்லிமீட்டருக்கு நிஜச் செல் அவ்வளவு தூரம் நீளுமா? நடுவில் ஆள் பற்றாமல் ஓட்டை விழுந்தது.

இதில் என்னைச் சுட்டது வேறு. பிரியும் செல் உருண்டையாகும் என்பது எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும். ஒரே ஒரு நாள் அண்ணியின் திரையை எட்டிப் பார்த்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். மூன்று வருடம், ஒரே கட்டடம், ஒரு மாடி இறங்கினால் அவர் அறை. எட்டிப் பார்க்கவில்லை. கோடு போடுகிற வேலையில் பார்க்க என்ன இருக்கிறது என்ற இளக்காரம்தான், வேறென்ன.

"அண்ணி, இப்பச் சொல்லாதீங்க" என்றேன். "உங்க உத்தரவு கையெழுத்தாகட்டும். ஒரு ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரத்துல உன் ஒப்பந்தம் முடிஞ்சிடும்."

"அதை நான் பார்த்துக்கறேன்."

"அதுக்குள்ள வார்டுல இந்த எண்ணை எடுத்துக்கிட்டா? அது தட்டு இல்ல, ஒருத்தர் முதுகு. நடுவுல மூடாம பச்சைப் புண்ணாவே நிக்கும்."

"அந்தப் பயிற்சி கொடுத்தவர் சொல்லித்தானே விட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

"அவரு அன்னைக்குத் தன் முன்னாடி இருந்த தட்டைக் காட்டிச் சொன்னாரு. அது ஏதோ கெட்டுப்போன தட்டு. எல்லாத் தட்டுக்கும் இதுதான் விதின்னு நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டது நான். அவர் மேல எதுக்குப் பழி?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினேன்.

அடுத்த கூட்டத்தில் அண்ணி எழுந்து நின்றார். ஒரு வார்த்தையும் விடவில்லை. படத்தை ஓடவிட்டார். "தட்டு சரியாத்தான் இருக்கு. செல் நல்ல செல். தப்பு என் கோட்டுல. மூணு வருஷமாப் பிரியற செல்லை செத்ததுன்னு விட்டிருக்கேன்" என்றார். கடைசியில், "போன கூட்டத்துல இவ கேட்டது சரி. இவ கேட்டதாலதான் நான் போய்ப் பார்த்தேன்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் என்னை ஏதோ சாதித்தவளைப் போலப் பார்த்தார்கள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெரிய மேடம் படத்தை மறுபடி ஒருமுறை ஓடவிடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இத்தனை பேர் இருந்தோம். நானும்தான் பார்க்கல" என்றார். கெட்டவர் இல்லை அவர். மாடல் சார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருஷத்துப் படம் முழுக்கத் திரும்பக் கோடு போடணுமா?"

"வேணாம் சார். உருண்டை இருக்கற இடத்தை மட்டும் எடுத்து, அடுத்த படத்துல அங்க ரெண்டு செல் இருக்கான்னு பார்க்கணும். இருந்தா பிரிஞ்சது. ஆறு வாரம் ஆகும்." எண்ணி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

என் ஒப்பந்தம் அந்த மாதமே புதுப்பிக்கப்பட்டது. அண்ணியின் உத்தரவு ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போனது. அண்ணன்கூட முதல்முறையாக முகம் சுளித்தார். "உண்மையைச் சொன்னா இதுதான் மரியாதையா?" என்று என்னிடம் கத்தினார். அண்ணி உள்ளேயிருந்து, "தப்பு செஞ்சது நான், உத்தரவைத் தள்ளிப்போட்டது அவங்க. நடுவுல நீங்க ஏன் குதிக்கறீங்க?" என்றார்.

ஆறு வாரம் சொன்னவர் ஐந்தே வாரத்தில் முடித்தார். வெங்காயத்தைப் பற்றி நான் இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன். மதியம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் மூடியிருந்துவிட்டு, மறுபடி பேனாவை எடுப்பார். ஒப்புக்கு ஓர் உருண்டையைக்கூட அவர் தள்ளிவிடவில்லை. சந்தேகம் வந்தால் என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, அந்தத் தட்டுக்கு எந்த நாளில் ஊட்டம் மாற்றினேன் என்று பார்ப்பார்.

புதிய அளவுகளைப் போட்டு மாடல் சார் ஓடவிட்ட அன்று நாங்கள் எல்லோரும் அவர் அறையில் நின்றோம். திரையில் துண்டுகளின் ஓரத்திலிருந்து செல்கள் ஊர்ந்தன, பிரிந்தன, மீண்டும் ஊர்ந்தன. ஒன்பதாம் நாள். பத்தாம் நாள். நடுவில் ஓட்டை நின்றது. என் தட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே இடம், கிட்டத்தட்ட அதே அளவு. காயம் மூடாததைப் பார்த்துக் கைதட்டிய கூட்டம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். மாடல் சார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வார்டுக்கு மூன்று மில்லிமீட்டர் என்ற எண் போனது.

கைதட்டல் முடிந்து திரும்பிப் பார்த்தால் அண்ணியைக் காணவில்லை. தன் அறைக்குப் போய் வழக்கமான படங்களைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நான் போய் வாசலில் நின்றேன். இத்தனை நாள் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணி, அன்னைக்குக் கூட்டத்துல நான் தெரிஞ்சு கேட்கல. என் வேலை போயிடுமேன்னு உங்க மேல தள்ளிவிட்டேன்."

"தெரியும்." பேனா நிற்கவில்லை.

"எப்பத் தெரியும்?"

"நீ சொன்னப்பவே. என் படத்தை ஒரு நாள்கூடப் பார்க்காதவ, அதுல தப்பு இருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா எனக்காக இவ்வளவும்..."

"உனக்காகன்னு யாரு சொன்னா? நீ பொய்யாத்தான் சொன்னே. பொய்யாவே இருக்கட்டும், அப்படி இருக்குமோன்னு ஒரு தடவை பார்த்துடணும் இல்லையா? பார்த்தேன். இருந்துச்சு." கொஞ்ச நேரம் கோடு இழுத்தார். "வருத்தம் இல்லாம இல்ல. ரெண்டு நாள் தூக்கம் வரல. உன்னை நாலு கேள்வி கேட்கணும்னுதான் வந்தேன், அன்னைக்கு மத்தியானம். மிதக்கறதைப் பத்திக் கேட்டுட்டுப் போயிட்டேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். அசையாத ஒற்றைப் படம். ஓர் உருண்டையைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

"இது செத்ததா, பிரியப்போறதா?"

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தேன்.

"தெரியலையே, அண்ணி" என்றேன்.